பன்னிரண்டாவது ஆள்

கண்ணாடியக்காவின் வீட்டுக் குழு இதுவரை ஒன்பது முறை பிரிந்திருக்கிறது. பிரிந்தது என்று சொல்லக் கூடாது, பெருகியது என்றுதான் சொல்ல வேண்டும். சபையில் அப்படி ஒரு சட்டம். யாராவது வாய் தவறி "பிரிஞ்சுட்டோம்" என்று சொன்னால், பகுதிப் பொறுப்பாளர் சிரித்த முகத்தோடு திருத்துவார். சிரித்த முகத்தோடு திருத்துகிறவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக வேலை செய்கிறாள். லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி தேய்த்துப் பொருத்துவது, திருகாணி மாற்றுவது, வந்தவர் முகத்தில் மாட்டிவிட்டுக் காதுக்குப் பின்னால் விரலை வைத்து இறுக்கமா, தளர்வா என்று பார்ப்பது. ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய காதுகளையாவது தொடுவாள். அந்த நாற்பது பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் பார்ப்பது எதிரில் இருக்கும் நிலைக்கண்ணாடியைத்தான். அவளைப் பார்ப்பதில்லை. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பதினாறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். அம்மா போன பிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் அவளும்தான். தம்பி ஒருவன் வேறு நாட்டில் இருக்கிறான். பிறந்தநாளுக்குப் போன் செய்வான், சில வருஷம் மறந்துவிட்டு மறுநாள் செய்வான்.

அம்மா இறந்த இரண்டாம் மாதம்தான் அவள் சபைக்குப் போனாள். அப்போது சபை என்பது டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. நாற்பது நாற்காலி, அதில் இருபத்து மூன்றில்தான் ஆள். ஆராதனை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் கூடவே உறுமும். பாஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலிகளைத் தானே சுமந்து வந்து போடுவார். ஜெபிக்கும்போது ஒவ்வொருவர் தலையிலும் கை வைப்பார். ஒருமுறை அவருக்கு நல்ல காய்ச்சல். அந்தக் கையின் சூட்டை அவள் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துக் கண்ணீர் விட்டு அழுதாள். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பதினாறு வருஷம் மற்றவர் உடம்பைத் தொட்டுத் துடைத்தவளை அன்றுதான் ஒருவர் தொட்டார். காய்ச்சலாக இருந்தால் என்ன?

அதற்கப்புறம் சபை வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே, கண்ணை மூடித் திறப்பதற்குள் மூடிக் கிடந்த ஒரு சினிமா கொட்டகையை எடுத்தார்கள். அது போதாமல் ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். அதுவும் போதவில்லை. இப்போது ஏழு இடம். எல்லா இடத்திலும் ஒரே கறுப்புச் சுவர், ஒரே விளக்கு, ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையில் ஒரே கடிகாரம். பாஸ்டர் முதல் இடத்தில் நின்று பேசுவார், மற்ற ஆறு இடத்தில் திரையில் வருவார். பன்னிரண்டு அடி உயர முகம். கன்னத்தில் இருக்கும் சின்ன மச்சம் அங்கே ஒரு தட்டு அளவுக்குத் தெரியும். ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியக்காவுக்கு அந்த மச்சம் பழக்கம்தான். மச்சத்துக்கு அவளைத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் இருந்தபடி அவர், "உங்க பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்துச் சொல்லுங்க, நீங்க தனியா இல்லன்னு!" என்றார். ஏழு இடத்திலும் இரண்டாயிரம் பேர் பக்கத்தில் திரும்பினார்கள். அவளுக்கு ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் யாரோ இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போன கைப்பை. பைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள், நல்ல வேளை யாரும் கவனிக்கவில்லை.

இடங்கள் பெருகப் பெருக ஆட்கள் தொலைந்துபோகாமல் இருக்க வீட்டுக் குழுக்கள் வந்தன. புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் கூடி, பாடி, ஜெபித்து, தேநீர் குடித்துக் கலைவது. வீட்டுக்காரரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆனதும் குழு இரண்டாகும். தலைவர் பாதிப் பேரை வைத்துக்கொள்ள, துணைத்தலைவர் மீதிப் பாதியோடு தன் வீட்டுக்குப் போவார். பட்டியலைத் தலைவர்தான் எழுத வேண்டும். யார் வீடு யாருக்குப் பக்கம் என்று பார்த்து எழுதுவது வழக்கம்.

ஆட்களைச் சேர்ப்பதில் கண்ணாடியக்காவுக்கு ஒரு கைராசி. பெரிதாக ஒன்றும் பேச மாட்டாள். கடைக்கு வருகிறவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போது, "புதன்கிழமை சும்மா வாங்களேன்" என்பாள். வருவார்கள். பழகுவார்கள். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு முழங்கால் வலி, யார் மகன் பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகும் நேரத்தில் பன்னிரண்டு ஆகிவிடும். பாதி போய்விடும். போனவர்கள் தினமும் காலையில் பூப்படம் போட்ட வசனம் ஒன்றைப் போனில் அனுப்புவார்கள். அதோடு சரி. ஒருமுறை பாஸ்டரே திரையில், "நம்ம கண்ணாடிக்கடை சகோதரி ஒன்பது குழுக்களுக்குத் தாய்!" என்றார். ஏழு இடத்திலும் கைதட்டல் காதைப் பிளந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் கைதட்டிக்கொண்டே அவளிடம், "யாருங்க அது?" என்று கேட்டார்.

பத்தாவது குழுவில்தான் வேன்காரி வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நாற்பது வயது, குரல் மட்டும் நாலு பேருக்கு இருக்கும். எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கும்போது எதையாவது நினைத்துக் களுக்கென்று சிரித்துவிடுவாள். கேட்டால், "ஆண்டவருக்கும் சிரிப்பு வரும்க்கா" என்பாள். கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடும்போது அவள் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டம்ளர் கழுவ நிற்பாள். பதினொரு டம்ளர் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வேனில் எந்தப் பையன் வாந்தி எடுத்தான், எந்தத் தாய் சண்டைக்கு வந்தாள், கணவன் குறட்டை எப்படி இரண்டாவது கியரில் ஏறும் என்று அவள் சொல்லச் சொல்ல, கண்ணாடியக்கா சிரித்துச் சிரித்து ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் அவள் சிரிக்கும் சத்தம் அவளுக்கே புதிது. வாரத்தில் ஏழு நாள் என்று ஊருக்குக் கணக்கு. அவளுக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் வாரம்.

பொறுப்பாளர் வேன்காரியைத் துணைத்தலைவராக நியமித்த அன்றே கண்ணாடியக்காவுக்கு அடுத்த பெருக்கத்தில் போகப்போவது யார் என்று தெரிந்துவிட்டது.

குழு பதினொன்றில் நின்றபோது அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது? திருட்டுத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். வாராவாரம் வந்தவர் எண்ணிக்கையைப் போனில் பதிவு செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் மூலையில் பூனை மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு ஒன்பது என்று பதிந்தாள். கடையில் வருகிறவர்களை "சும்மா வாங்களேன்" என்று அழைப்பதையும் நிறுத்திவிட்டாள். மூன்று மாதம் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. பொறுப்பாளருக்குக் கவலை வந்துவிட்டது. வளராத குழுக்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, ஏழு இடத்திலும் ஜெபிக்க ஏற்பாடு செய்தார். ஐந்தாவது இடத்தில் எல்லோரும் கையை உயர்த்தி அவள் குழுவின் பெருக்கத்துக்காகக் கண்ணீரோடு மன்றாடினார்கள். அவளும் கையை உயர்த்திச் சத்தமாக "ஆமென்" சொன்னாள். உள்ளுக்குள் மட்டும், வேண்டாம் ஆண்டவரே, இவங்க சொல்றதைக் கேக்காதீங்க என்றாள். இரண்டாயிரம் பேர் ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

அடுத்த வாரமே பொறுப்பாளர் போன் செய்தார். "அக்கா, ஸ்தோத்திரம்! ஒரு புது ஆள். பிஸ்கட் ஃபாக்டரியில பேக்கிங்ல வேலை. உங்களுக்குப் பின்தெருவுலதான் இருக்காங்க. சபைக்குப் புதுசா வர்றவங்களுக்கான அட்டையை நிரப்பிக் கொடுத்திருக்காங்க. புதன்கிழமை வரச் சொல்லிட்டேன்."

அட்டை வழியாக வருகிறவரை மறைக்க வழியில்லை. வந்த மறுநாளே பொறுப்பாளர் அவருக்குப் போன் செய்து, எப்படி இருந்தது, எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் விசாரிப்பார்.

புதன்கிழமை ஏழேகாலுக்கு அழைப்பு மணி அடித்தது. உள்ளே பத்துப் பேர் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்துபோய்க் கதவை ஒரு சாண் திறந்தாள். வெளியே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ஸ்தோத்திரம்க்கா. வீட்டுக் கூட்டம்..."

"இன்னைக்குக் கூட்டம் இல்லம்மா" என்றாள் கண்ணாடியக்கா.

அவள் முதுகுக்குப் பின்னால் வேன்காரியின் குரல் அந்த நேரம் பார்த்து உச்சிக்குப் போனது. லிஃப்ட் மெக்கானிக்கும்கூட அன்றைக்கென்று வாய்விட்டுப் பாடினார். சுவரே கைதட்டுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கக்கா" என்று பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

"யாருக்கா?" என்று பிறகு டம்ளர் கழுவும்போது வேன்காரி கேட்டாள்.

"வீடு மாறி வந்துட்டாங்க."

அன்று வேன்காரி சொன்ன கதைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த மாதிரி காட்டிக்கொண்டாள்.

மறுநாள் பொறுப்பாளர் போன் செய்தபோது கடையில் அவள் கையில் ஒரு லென்ஸ் இருந்தது. கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தாள். மாட்டிக்கொண்டோம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா, அந்த பிஸ்கட் ஃபாக்டரி சிஸ்டர்கிட்ட பேசினேன். நேத்து திடீர்னு ஷிப்ட் போட்டுட்டாங்களாம், வரவே முடியலையாம். ரொம்ப வருத்தப்பட்டாங்க. நீங்க காத்துக்கிட்டு இருந்திருப்பீங்க, ஸாரி சொல்லச் சொன்னாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முன்பின் தெரியாத ஒருத்தி, முகத்தில் அடித்தாற்போல் கதவை மூடியவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அன்று பகல் முழுக்க அவள் நிலைக்கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை.

இருந்தும் அவள் அந்தப் பெண்ணைத் தேடிப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். போனால் பன்னிரண்டு, பன்னிரண்டு ஆனால் புதன்கிழமை காலி. மனசாட்சி ஒரு பக்கம் இழுத்தால் அந்த முக்கால் மணி நேரம் மறு பக்கம் இழுத்தது.

அடுத்த புதன்கிழமை டம்ளர் கழுவிக்கொண்டிருந்த வேன்காரி திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்துவது என்பது சாதாரணமாக மற்றவர்கள் பேசுகிற அளவு.

"அக்கா, சிரிக்கக் கூடாது. நான் ஆறு நாற்காலி வாங்கிட்டேன்."

"எதுக்கு?"

"எங்க வீட்டு ஹாலுக்குத்தான். நம்ம குழு பெருகினா எங்க வீட்டுலதானே நடக்கும்? என் வீட்டுக்காரர்கூட சுவத்துக்கு வெள்ளையடிக்கிறேன்னு நிக்கிறாரு. யாருமே எங்க வீட்டுக்கு வந்ததில்லக்கா. சண்டை போடத்தான் வருவாங்க. பன்னெண்டாவது ஆள் வரணும்னு நான் தினமும் வேன் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்ல தலையை வெச்சு ஜெபிக்கிறேன். யாருமே வர மாட்டேங்கறாங்களே, என்னக்கா பாவம் பண்ணினோம்?"

கண்ணாடியக்கா டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த டம்ளர். தான் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது தனக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேன்காரிக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. நிறையப் பிடிக்கும். ஆனால் வேன்காரிக்குப் பார்க்க ஆறு நாற்காலி இருந்தது, அவளுக்குப் பார்க்க வேன்காரி ஒருத்திதான் இருந்தாள். அழுகை வந்தது. சோப்பு நுரை கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

சனிக்கிழமை மதியம் கடையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பின்தெருவுக்குப் போனாள். மோட்டார் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், கொடியில் ஃபாக்டரி சீருடை. சுவரில் சாய்த்து வைத்த போனில் பாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார், இங்கே அவர் கட்டைவிரல் உயரம்தான். அந்தப் பெண் போனை அணைத்துவிட்டு, பாயை உதறிப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள்.

கண்ணாடியக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "அன்னைக்குக் கூட்டம் இருந்துச்சும்மா."

"தெரியும்க்கா. பாட்டு கேட்டுச்சே." ஒரு குறையும் இல்லாத குரலில்தான் சொன்னாள். "கீழ் மாடிப் படியிலயே உக்காந்துட்டேன். கடைசி ஜெபம் வரைக்கும் இருந்து கேட்டுட்டுத்தான் போனேன். நல்லா இருந்துச்சுக்கா. அதுல ஒருத்தங்களுக்கு எவ்வளவு பெரிய குரல்!"

கண்ணாடியக்கா பாயில் உட்கார்ந்துகொண்டாள். "அப்புறம் எதுக்கு ஷிப்ட்னு சொன்னே?"

"உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்ல. என்னால உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?"

கண்ணாடியக்கா காரணத்தைச் சொன்னாள். ஒன்பது என்று பதிந்தது, ஆமென் சொன்னது, டம்ளர், முக்கால் மணி நேரம், எல்லாம். ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு காரணத்தைச் சொல்வது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. சொல்லி முடித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நிஜமாகவே ஒரு யோசனை சொல்கிற முகத்தோடு சொன்னாள்:

"அப்ப நான் உள்ள வரலக்கா. படியிலயே உக்காந்து கேட்டுக்கறேனே. எண்ணிக்கையில வராதுல்ல?"

கண்ணாடியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்குக்கூட இப்படி அழவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டாவது நாற்காலி போட்டார்கள். அந்தப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்ததும் வேன்காரி போட்ட அல்லேலூயாவில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடியக்கா போனை எடுத்துப் பன்னிரண்டு என்று பதிந்தாள். ஒன்பதிலிருந்து ஒரே தாவலில் பன்னிரண்டு! பொறுப்பாளர் இதை அற்புதம் என்று முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை மேடையில் சாட்சியாகவே சொன்னார். ஏழு இடத்திலும் கைதட்டினார்கள்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பட்டியல் எழுத உட்கார்ந்தாள். பத்துப் பேர் கடகடவென்று விழுந்துவிட்டார்கள். வேன்காரி அந்தப் பக்கம், லிஃப்ட் மெக்கானிக்கும் மனைவியும் இந்தப் பக்கம், இப்படி. கடைசியாக பிஸ்கட் ஃபாக்டரிப் பெண். பின்தெரு. வழக்கப்படி பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை, கண்ணாடியக்காவின் குழுதான். புதன்கிழமை கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணும் கூடவே நின்று, சொல்லாமலே டம்ளர்களை எடுத்து அடுக்கியிருந்தாள். வாரத்துக்கு ஒரு பேச்சுத் துணை, பின்தெருவிலேயே. கண்ணாடியக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆசையே இல்லாமல் எழுதினாள் என்று சொன்னால் அது பொய். பேனாவை மூடினாள், திறந்தாள், அந்தப் பெண்ணின் பெயரை வேன்காரியின் பட்டியலில் முதல் ஆளாக எழுதி, மனசு மாறுவதற்குள் பொறுப்பாளருக்கும் வேன்காரிக்கும் அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் வேன்காரி போன் செய்தாள். "அக்கா, அவங்க உங்க பின்தெருதானே? மாத்தி எழுதிட்டீங்க போல."

"மாத்தி எல்லாம் எழுதல. நீ புதன்கிழமை வேனைக் கொண்டுபோய் அவளை ஏத்திக்கிட்டுப் போ. திரும்ப நீயே கொண்டுவந்து விடு."

"அது சரிதான். ஆனா ஏன்க்கா?"

"உன் வீட்டுல சத்தம் இருக்கும். புருஷன் பேசுவாரு, நீ பேசுவே, யாராவது சண்டைக்கு வருவாங்க. அவளுக்கு அது வேணும். என்கிட்ட விட்டா அவ என்னை மாதிரியே ஆயிடுவா."

வேன்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப உங்களுக்குக்கா?"

"எனக்கென்ன, அஞ்சு பேர் இருக்காங்கல்ல. நீ போனை வை, காலையில வேன் எடுக்கணும்."

அந்த ஐந்து பேரில், கடைசி ஜெபம் முடிந்த பிறகு ஒரு நிமிடம் கூடுதலாக உட்காருகிறவர் யாரும் கிடையாது. பட்டியலை எழுதியவள் அவள்தான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.